துக்க வீட்டில் யார் பாடுவது?

அம்மச்சி இறந்தபோது நான் பெங்களூரில் இருந்தேன். ராத்திரி பஸ் பிடித்து மார்த்தாண்டத்தில் இறங்கி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது காலை எட்டு மணி தாண்டிவிட்டது. சின்ன மாமா துபாயிலிருந்து வரவேண்டியிருந்ததால் அடக்கம் மறுநாள் என்று முடிவாகியிருந்தது. ஆக ஒரு முழு இரவு அம்மச்சியை ஐஸ் பெட்டியில் வைத்து நாங்கள் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் குடும்பத்தைப் பற்றி கொஞ்சம் சொல்லவேண்டும். அம்மச்சி சி.எஸ்.ஐ. ஆனால் அவள் வாயில் கடைசிவரை அது 'எல்.எம்.எஸ்.' தான். பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்தது ஆர்.சி. வீட்டில். சித்தி வாழ்க்கைப்பட்டது இரட்சணிய சேனைக் குடும்பத்தில். பெரிய மாமா வீடு மொத்தமும் இருபது வருடமாக பெந்தெகொஸ்தே. கன்னியாகுமரி மாவட்டத்தில் இது ஒரு அதிசயமும் இல்லை. பத்து கிறிஸ்தவ வீட்டுக் கதவைத் தட்டினால் ஐந்தாறில் இப்படித்தான் இருக்கும். நான்? கோயிலுக்குப் போய் பல வருடம் ஆகிறது. விசுவாசியா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

போதகர் ஜெபம் முடித்துப் போனார். பதினொரு மணிவாக்கில் யாரோ ஒரு பெரியவர், "சும்மா இருக்காதீங்க மக்களே, ஒரு பாட்டு படிங்க" என்றார். எங்கள் ஊரில் பாட்டைப் 'படிக்க'த்தான் செய்வோம். பேரப்பிள்ளைகள் நாங்கள் ஒன்பது பேர். எஞ்சினியர்கள், நர்ஸ்கள், ஒரு சி.ஏ. எல்லாரும் ஏதோ ஒரு கோயிலில் ஞாயிறு பள்ளிக்கோ மறைக்கல்விக்கோ போய் வளர்ந்தவர்கள். ஒருத்தி ஆரம்பித்தாள். இரண்டு வரி போயிற்று, மூன்றாவது வரியில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இன்னொருத்தன் வேறு ஒன்றைத் தொடங்கினான். அவனுடைய சபையில் பாடுவது, அவனைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு தம்பி போனை எடுத்து யூடியூபில் போட்டான். முதலில் வந்தது நகைக்கடை விளம்பரம். முழு சத்தத்தில், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில். அவன் பதறிப்போய் தள்ளிவிடப் பார்க்க, 'ஐந்து நொடி' என்று எண்ணிக்கொண்டிருந்தது அது.

அந்த ஐந்து நொடியை நான் வாழ்க்கையில் மறக்கப்போவதில்லை.

அப்புறம் கிழவிகள் எடுத்துக்கொண்டார்கள். அம்மச்சியின் தங்கை, பக்கத்து வீட்டு ஆர்.சி. பாட்டி, சித்தியின் மாமியார், கூடவே நாற்பது வருடமாக எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அக்கா. புத்தகம் இல்லை, போன் இல்லை. ஒருத்தி எடுத்தால் மற்ற மூவரும் சேர்ந்தார்கள். ஒரு சரணத்தில் வார்த்தை மாறியது. ஒருத்தி 'ஜெபம்' என்றால் இன்னொருத்தி 'செபம்' என்றாள், யாரும் கவலைப்படவில்லை. விடியும்வரை போயிற்று.

இதைப் பிறகு சொந்தக்காரர் ஒருவரிடம் சொன்னேன். அவர் உருகிப்போய், "பார்த்தியா, சபை ஆயிரம் இருக்கட்டும், பாட்டுன்னு வந்தா நாமெல்லாம் ஒண்ணு" என்றார். இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஐக்கிய கிறிஸ்துமஸ் மேடைகளில் வருடாவருடம் சொல்கிறார்கள். இது பாதிப் பொய் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்த இரவில் நான் பார்த்தது ஒற்றுமையை அல்ல. ஒரு ஒற்றுமை செத்துக்கொண்டிருந்ததையும், அது உயிரோடு இருந்த காலத்திலேயே எவ்வளவு தூரம்தான் வந்தது என்பதையும் பார்த்தேன்.

*

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு சின்ன வரைபடம். 2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் கிட்டத்தட்ட 47 சதவீதம். 1544-இல் சவேரியார் கடற்கரை கிராமங்களில் ஞானஸ்நானம் கொடுத்தார். கோட்டாறு மறைமாவட்டம் 1930-இலும், குழித்துறை 2014-இலும் வந்தன. 1806-இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார், அழைத்தவர் மகாராசன் வேதமாணிக்கம். அந்த லண்டன் மிஷன்தான் 1947-க்குப் பிறகு சி.எஸ்.ஐ. ஆனது. நாகர்கோவிலில் லுத்தரன்களின் இறையியல் கல்லூரி இருக்கிறது, இரட்சணிய சேனையின் ஆஸ்பத்திரி இருக்கிறது. சீரோ மலங்கரா, சீரோ மலபார் இரண்டுக்கும் 1996-இல் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் தனித்தனி மறைமாவட்டங்கள் வந்தன. பெந்தெகொஸ்தே சபைகளை எண்ணி முடிக்க முடியாது.

இத்தனை சபைக்கும் தனித்தனிப் பாட்டுப் புத்தகம். சி.எஸ்.ஐ.யில் ஐரோப்பிய மெட்டுக்கு மொழிபெயர்த்த பாமாலை ஒரு பக்கம், நம்ம ராகத்தில் கீர்த்தனை ஒரு பக்கம். பாமாலையின் வேர் தரங்கம்பாடி வரை போகும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஃபப்ரீசியுஸ் ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கிக் கொடுத்தார். கத்தோலிக்கருக்கு இரண்டாம் வத்திக்கான் சங்கம்வரை பூசை லத்தீனில். 1963-க்குப் பிறகுதான் பீடத்துக்கு முன்னால் தமிழ்ப் பாட்டு பெருகியது. ஒரே பாட்டு இரண்டு புத்தகத்தில் இருந்தால் எண் வேறு, சில சமயம் சரண வரிசையும் வேறு. சாஃப்ட்வேர்காரன் பாஷையில் சொன்னால், ஒரே கோடை ஆளாளுக்கு ஃபோர்க் பண்ணி வைத்திருக்கிறோம், யாரும் திரும்ப மெர்ஜ் பண்ணவில்லை.

அப்படியென்றால் அந்த நான்கு கிழவிகளுக்கு ஒரே பாட்டு எப்படித் தெரிந்தது? எந்தக் கமிட்டியும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. கமிட்டி போட்டுச் செய்த காரியத்தின் கதி நமக்குத் தெரியும். 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து வேதாகமத்துக்குப் பொது மொழிபெயர்ப்பு கொண்டுவந்தார்கள். நான் பார்த்த எந்த சி.எஸ்.ஐ. வீட்டு மேசையிலும் அது இல்லை, பழைய மொழிபெயர்ப்புதான் இருக்கிறது. பாட்டோ கமிட்டி இல்லாமலே வேலி தாண்டியது. அம்மச்சி ஒரு பாட்டைக் கற்றுக்கொண்டது நெய்யூர் ஆஸ்பத்திரியில், பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஒரு கத்தோலிக்கப் பெண்ணிடம். மிஷன் பள்ளிக்கூடத்துக் காலை வணக்கம், கேரல் ரவுண்ட்ஸ், கல்யாண வீடு, துக்க வீடு எல்லாம் வழிகள். மீன்கார அக்காவிடம் கேட்டேன். "சாயந்திர மீனு கொண்டு வரச்சில உங்க அம்மச்சி குடும்ப செபம் நடத்திக்கிட்டு இருப்பா. முடியதுவரை முற்றத்துல நிப்பேன். அப்படிக் கேட்டுப் படிச்சதாக்கும்" என்றார்.

முற்றத்தில் நின்று கேட்டது. இந்த வார்த்தைக்குத் திரும்ப வருவேன்.

*

பாட்டு வேலி தாண்டுவது நம்மூர் சமாச்சாரம் மட்டும் இல்லை. 'ராக் ஆஃப் ஏஜஸ்' எழுதிய டாப்லேடி கடும் கால்வினிஸ்ட்; ஜான் வெஸ்லியோடு அச்சில் வாய்க்கு வந்தபடி சண்டை போட்டவர். வெஸ்லியின் மெத்தடிஸ்டுகள் இன்றைக்கும் அவர் பாட்டைப் பாடுகிறார்கள். காந்திக்குப் பிடித்த 'லீட் கைண்ட்லி லைட்'டை நியூமன் 1833-இல் ஆங்கிலிக்கராக எழுதினார். 1845-இல் கத்தோலிக்கரானார், பின்னால் கர்தினாலும் ஆனார். பாட்டு இரண்டு பக்கமும் தங்கிவிட்டது. இதைவிட வேடிக்கை 'ஃபெய்த் ஆஃப் அவர் ஃபாதர்ஸ்'. கத்தோலிக்கத்துக்கு மாறிய ஃபேபர், இங்கிலாந்தில் சீர்திருத்த அரசு கொன்ற கத்தோலிக்க சாட்சிகளை நினைத்து எழுதியது. சீர்திருத்த சபைகள் மாதா வரும் சரணத்தை மாற்றிவிட்டு, தங்கள் முன்னோரைப் பற்றிய பாட்டாகப் பாடிக்கொண்டார்கள். கொன்றவர்களின் வாரிசுகள் கொல்லப்பட்டவர்களின் பாட்டைப் பாடுகிறார்கள்!

இதைப் படித்துவிட்டு, 'ஆகா, பாட்டின் வலிமை' என்று சிலிர்ப்பவர்களை நான் நம்புவதில்லை. பாட்டு தாண்டியதே தவிர, டாப்லேடிக்கும் வெஸ்லிக்கும் நடுவில் இருந்த சுவர் அதனால் ஒரு கல்கூட இறங்கவில்லை. பாட்டை உள்ளே விடுவது சுலபம். பாட்டுக்கு வயிறு இல்லை, பந்தியில் இடம் கேட்காது, பெண் கேட்டு வராது.

நம் கதைக்கு வருவோம். தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டு என்றால் முதலில் நிற்பவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). மாயூரம் வேதநாயகம் பிள்ளையோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர் கத்தோலிக்கர், 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' எழுதியவர். நம் சாஸ்திரியாரின் அப்பா கத்தோலிக்கராக இருந்து சீர்திருத்த சபைக்கு வந்தவர். மகன் சுவார்ட்சிடம் படித்தார், சரபோஜி மன்னருக்கு நண்பர், 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். குற்றாலத்துக் குறத்தியை பெத்லகேமுக்குக் கூட்டிப்போன துணிச்சல் அது. அவர் பாட்டில்லாமல் எங்கள் பக்கத்தில் கல்யாணமும் இல்லை, லெந்துநாளும் இல்லை.

1820களில் தஞ்சைக்குப் புது மிஷனரிகள் வந்தார்கள். சாஸ்திரியாருக்கும் அவர்களுக்கும் முட்டிக்கொண்டது. அவர்கள் செய்த கொடுமைகள் என்று அவர் நான்கைச் சொன்னார். பழைய வேதமொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள். கோயிலில் தமிழ்ப் பாட்டையும் இசையையும் தடுக்கிறார்கள். விழாவிலும் கல்யாணத்திலும் சாவிலும் பூ வைக்கக்கூடாது என்கிறார்கள். நான்காவது: சாதி வித்தியாசம் பார்க்காமல் எல்லாரையும் சேர்ந்து உட்காரச் சொல்கிறார்கள்.

ஒரே ஆள், ஒரே மூச்சில் வைத்த முறையீடு. 'என் பாட்டைத் தடுக்காதே' என்பதும் 'என் சாதியைத் தொடாதே' என்பதும் அவருக்கு ஒரே வழக்கு. எதிர்ப்பக்கம் நின்ற வெள்ளைக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சேர்ந்து உட்காரச் சொன்ன அதே வாய் தமிழ் ராகம் கோயிலுக்கு ஆகாது என்றது. நாம் இரண்டு பக்கத்திலிருந்தும் நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கலாம். எடுத்துக்கொண்டது என்ன? சாஸ்திரியார் யாரோடு சமமாக உட்கார மறுத்தாரோ, அவர்கள் பிள்ளைகளும் அவர் பாட்டை மனப்பாடமாகப் பாடுகிறார்கள். பாட்டு ஜெயித்துவிட்டது. அவருடைய இன்னொரு கோரிக்கையும் ஜெயித்துவிட்டது, சத்தமில்லாமல்.

நம்பவில்லையென்றால் திருமண விளம்பரங்களைப் பாருங்கள். என் பெரியம்மா சி.எஸ்.ஐ.யிலிருந்து ஆர்.சி.க்குப் போனாள், வீட்டில் ஒரு வாரம் முணுமுணுப்பு, அவ்வளவுதான். ஏனென்றால் இரண்டு பக்கமும் நாடார். அதே ஆர்.சி. கோயிலில், அதே நற்கருணை வாங்கும் ஒரு முக்குவர் வீட்டுப் பையன் பெரியம்மாவின் மகளைக் கேட்டு வந்திருந்தால்? சபை வேறு, சாதி ஒன்று என்றால் கல்யாணம் நடக்கும். சபை ஒன்று, சாதி வேறு என்றால் நடக்காது. குமரி மாவட்டத்தில் சுவர் எது, வெறும் கோலம் எது என்று இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த இரவுக்குத் திரும்பிப் போகிறேன். நான்கு பேர் பாடினார்கள் என்றேனில்லையா. மூன்று பேர் உள்ளே, ஐஸ் பெட்டியைச் சுற்றி நாற்காலியில். மீன்கார அக்கா வெளித் திண்ணைப் படியில். அவர் குரல்தான் எல்லாவற்றிலும் கனமாக இருந்தது, சன்னல் வழியாக வந்தது. உள்ளே வந்து உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அது விடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

*

'சரிடா, இப்போதுதான் எல்லாம் மாறிவிட்டதே' என்று என் வயசுக்காரர்கள் சொல்வார்கள். இன்றைக்கு வரும் புதுப் பாட்டுகளுக்கு சபை வித்தியாசமே இல்லை. யூடியூபில் ஒரு பாட்டு ஹிட் ஆனால் அடுத்த மாதமே சி.எஸ்.ஐ. இளைஞர் கூட்டத்தில், ஆர்.சி. இளையோர் ஜெபத்தில், ஏ.ஜி.யில் எல்லா இடத்திலும் ஓடுகிறது. அம்மச்சி காலத்தைவிட இன்றைக்குத்தானே பொதுப் பாட்டு அதிகம்?

கேட்பது பொது, ஒத்துக்கொள்கிறேன். பாடுவது? அந்தப் பாட்டுகளில் பல ஒரு பாடகரின் தொண்டைக்கு அளந்து தைத்தவை. சுருதி மேலே போகும்போது சபை வாயை மூடிக்கொண்டு மேடையைப் பார்க்கிறது. வரிகள் புரொஜெக்டரில் இரண்டிரண்டாக வருகின்றன, பாடியதும் மறைகின்றன. அடுத்த வரி திரையில் வரும் என்று தெரிந்த மூளை அதை ஏன் சேமித்து வைக்கும்? நாமும் அடுத்த வருடம் வேறு பாட்டுக்குப் போய்விடுகிறோம். ஒன்பது பேரப்பிள்ளைகளும் சேர்ந்து நூறு பாட்டாவது கேட்டிருப்போம். கரண்டும் நெட்வொர்க்கும் இல்லாமல் எங்களிடம் முழுசாக ஒன்றுகூட இல்லை.

இதை வைத்து, 'அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா' என்று பெரியவர்கள் என் பின்னால் அணிதிரள வேண்டாம். உங்கள் மேல்தான் எனக்குக் கூடுதல் கோபம். நீங்கள் மரபு என்று காப்பாற்றுவது ஒருகாலத்தில் புதுமை. குறவஞ்சி மெட்டு கோயிலுக்குள் வந்ததும் அப்படித்தான். டிரம்ஸ் வேண்டாம், கிட்டார் வேண்டாம் என்று சண்டை போட்ட நேரத்தில் ஒரு பிள்ளையை உட்காரவைத்து ஒரு பாட்டை முழுக்கச் சொல்லிக்கொடுத்தீர்களா? என் மச்சான் ஒருவன் ஒரு கோயில் குவயரில், பெரியம்மா வீட்டில் கற்ற ஒரு பாட்டைச் சொன்னபோது, "நல்ல பாட்டுதான், ஆனா நம்ம பாட்டு இல்லியே" என்று பதில் வந்தது.

2018 ஆகஸ்டில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? கர்நாடக இசைப் பாடகர்கள் இயேசுவைப் பற்றிப் பாடக்கூடாது என்று மிரட்டல் கிளம்பி, ஓ.எஸ். அருண் சென்னைக் கச்சேரியிலிருந்து விலகினார். மாதம் ஒரு பாட்டு இயேசுவைப் பற்றியோ அல்லாவைப் பற்றியோ வெளியிடுவேன் என்று டி.எம். கிருஷ்ணா அறிவித்தார். நாமெல்லாம் கொதித்தோம். ராகம் யார் அப்பன் வீட்டுச் சொத்து என்று கேட்டோம். சரியான கேள்வி. அதே கேள்வியைக் கோயில் கமிட்டியில் யாரும் கேட்பதில்லை.

*

குறை சொல்வது சுலபம், என்னதான் செய்யச் சொல்கிறாய் என்பீர்கள். நான் கேட்பது சின்ன காரியம். பத்துப் பாட்டு. மாவட்டத்தில் உள்ள ஒவ்வொரு ஞாயிறு பள்ளியும், மறைக்கல்வி வகுப்பும், சபையும் அதே பத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கட்டும். எல்லாச் சரணமும், திரை இல்லாமல், மனப்பாடமாக. அதில் பாதி பக்கத்துச் சபையிலிருந்து வந்ததாக இருக்கட்டும், எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிக்கொடுக்கட்டும். புதுப் பாட்டும் இருக்கலாம். தூக்கம் கெட்ட ஒரு கிழவியால் பாட முடிகிற சுருதியில் இருந்தால் போதும்.

உபதேசம் இடிக்கும் என்று ஒரு எதிர்ப்பு வரும். மாதா பாட்டை பெந்தெகொஸ்தேகாரர் பாடமாட்டார், சரி, அதை விட்டுவிடுங்கள். துக்க வீட்டிலிருந்து தொடங்குவோம். சாவைப் பற்றி எல்லாச் சபையும் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறது. அங்கே சண்டைக்கு வேலை குறைவு. விசுவாசமே இல்லாத நீ ஏன் கவலைப்படுகிறாய் என்று இன்னொரு எதிர்ப்பு வரும். நானும் ஒருநாள் ஒரு ஐஸ் பெட்டியில் கிடப்பேன். சுற்றி இருப்பவர்களுக்கு வாயில் ஏதாவது இருக்கவேண்டும்.

ஆனால் ஒரு நிபந்தனை. பத்துப் பாட்டைச் சேர்ந்து பாடிவிட்டு, ஒற்றுமை வந்துவிட்டது என்று ஐக்கிய விழா மேடையில் யாரும் மைக்கைப் பிடிக்கக்கூடாது. பாட்டை மனப்பாடம் செய்வது ஒரு வேலை. பாடுகிறவரை உள்ளே கூப்பிடுவது வேறு வேலை. முதலாவதைச் செய்து இரண்டாவதைச் செய்ததாகக் கணக்குக் காட்டி இருநூறு வருடம் ஓட்டிவிட்டோம்.

நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு மறுபடி ஊருக்குப் போனேன். மீன்கார அக்கா வந்து வழக்கமான படியில் உட்கார்ந்தார். நான் வெளியே போய், "உள்ள வாங்க அக்கா, நாற்காலி கெடக்கு" என்றேன். "வேண்டாம் மக்களே, மீன் வாடை அடிக்கும்" என்றார். அன்றைக்கு அவர் மீன் விற்கவே போயிருக்கவில்லை, குளித்து வெள்ளைச் சேலை கட்டி வந்திருந்தார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன், வரவில்லை. நாற்பது வருடம் யாரும் கூப்பிடாத இடத்துக்கு நான் இரண்டு தடவை சொன்னதும் அவர் ஏன் வரவேண்டும்?

படியில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று இரவு எங்களுக்குப் பாதியில் நின்றுபோன அந்தப் பாட்டின் மூன்றாம் வரியைக் கேட்டேன். சொன்னார். நான் தப்பாகத் திருப்பிச் சொன்னேன். "அப்படி இல்ல, இழுத்துப் படிக்கணும்" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.